எஃகனின் இடது கண்

இந்த ஜன்னலோரத்துல நான் உக்காந்துக்கிடட்டுமா அண்ணாச்சி? காத்து வாங்க இல்ல. எனக்கு வலது கண்ணு சரியாத் தெரியாது. நீங்க இடது பக்கம் இருந்தாத்தான் மூஞ்சியப் பாத்துப் பேச முடியும். பேசாம வாரதா இருந்தா எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான். இன்னைக்கு என்னால பேசாம வர முடியாது.

உடன்குடிக்கா? நல்லதாப் போச்சி, நானும் உடன்குடிதான். பொறந்த ஊரு. ஆனா அங்க காலு வச்சிப் பத்துப் பதினோரு வருசம் ஆச்சி. இப்பவும் வேற வழியில்லாமத்தான் போறேன்.

இந்தப் போன் அடிச்சிக்கிட்டேதான் இருக்கும், கண்டுக்கிடாதீங்க. ஆறு மணிக்குள்ள நான் ஒரு பதில் சொல்லியாகணும். இல்லன்னா இந்தச் சுயம்புலிங்கம் ஒரு பொய்யன்னு என்னைய எழுதிப் போட்ருவானுவ. ஊரு ஒலகத்துக்கெல்லாம் இல்ல, ஒரு எரநூறு பேரு இருக்க வாட்ஸப் குழுவுலதான். எனக்கு அந்த எரநூறு பேருதான் ஒலகம். வேணும்னா என் வீட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க, வண்டி வண்டியாச் சொல்லுவா.

எஃகன்னு ஒரு புஸ்தகம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? படக்கதை. வாராவாரம் வெள்ளிக்கிழம வரும். தெரியாதா? சரி, எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்னு இல்ல. எஃகன்னா ஒரு இயந்திர மனுசன். பழைய இரும்புக் கடைக்காரன் ஒருத்தன் ஒடஞ்ச சாமான வச்சே செஞ்சது. பனமர ஒசரம். கண்ணு ரெண்டும் லாந்தர் விளக்கு மாதிரி எரியும். அதிகமாப் பேச மாட்டான். "ஆகட்டும்" அப்படின்னு ஒரு வார்த்தைதான். அணை ஒடயுது எஃகா, வாலேன்னா ஆகட்டும். ரயிலு கவுருது எஃகான்னா ஆகட்டும். நாங்க குழுவுல இன்னைக்கும் ஓகே, சரின்னு போட மாட்டோம். ஆகட்டும்னுதான் போடுவோம். பேத்தி எடுத்தவனெல்லாம் போடுவான்.

சிரிக்கீங்க. சிரிங்க. காலையில கூட்டத்துக்கு வந்திருந்தா இன்னும் சிரிச்சிருப்பீங்க. பாளையங்கோட்டையில ஒரு ஹோட்டல் மாடி. முப்பது நாப்பது பேரு. எல்லாம் நரச்ச தல. எல்லாருக்கும் எஃகன் மூஞ்சி போட்ட பனியன். தொந்தி மேல எஃகன் மூஞ்சி இழுபட்டு அவனே ஊதிப்போயி இருந்தான். நானும் போட்டிருக்கேன், பாருங்க, சட்டைக்கு உள்ள.

விசயத்துக்கு வாரேன். அந்தப் பத்திரிகை திடீர்னு நின்னு போச்சி. கடைசி இதழு எந்தக் கடைக்கும் ஒழுங்கா வந்து சேரல. எங்க குழுவுல மத்த இதழெல்லாம் சேத்தாச்சி. பரண்ல கெடந்தது, பழைய பேப்பர்க் கடையில கெடந்தது, ஒருத்தன் மச்சான் வீட்டுல பொட்டிக்கு அடியில விரிச்சிருந்தது, எல்லாம் வந்துட்டு. கடைசி ஒண்ணு மட்டும் இல்ல. எஃகன் என்ன ஆனான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும்.

எங்க குழுவுல ஒரு சட்டம் உண்டு. கெடைக்காத இதழப் படிச்சவன் யாராவது இருந்தா, அவன் கட்டம் கட்டமாச் சொல்லணும். மொதக் கட்டத்துல என்ன, ரெண்டாங் கட்டத்துல என்னன்னு. தாரணி வரையும். கோயில்பட்டிப் பொண்ணு, பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சர். ஆனா கண்ணால பாத்தவந்தான் சொல்லலாம். கேள்விப்பட்டேன், எவனோ சொன்னான்னு ஒருத்தனும் வாயத் தெறக்கக் கூடாது. கோமதிநாயகம் அதுல ரொம்பக் கறாரு. அவர்தான் குழுவுக்குத் தலைவரு.

நான் சொன்னேன். முழு இதழையும் சொன்னேன். தாரணி ரெண்டு வருசம் ஒக்காந்து வரஞ்சிச்சி. ஒரு மேகம் எந்தப் பக்கம்னு கேக்கதுக்குக்கூட எனக்குப் போன் போடும். கைக்காசப் போட்டுப் புஸ்தகமா அடிச்சி, இன்னைக்குக் காலையில வெளியிட்டாச்சி. அட்டையில என் பேரு. "கண்டு சொன்னவர் சுயம்புலிங்கம்." பொன்னாடை போத்துனாவ. என் வாழ்க்கையில எனக்கு ஒரு பய துண்டு போத்துனது கெடையாது அண்ணாச்சி. ஓசூர்ல ஒரு கம்பெனியில லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான். அங்க ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்து அனுப்பிட்டான்.

துண்டு தோள்ல இருக்கும்போதே நெல்சன் எந்திரிச்சான். நாகர்கோயில்காரன். பையில இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்தான். எல்லாரும் மன்னிக்கணும், நேத்துதான் கெடச்சிது, பூட்டிக் கெடந்த ஒரு சலூன் மாடியில இருந்துச்சின்னான். உள்ள எஃகன். கடைசி இதழு. அட்டையிலயே போட்டிருக்கு, முடிவுன்னு.

நான் மொதல்ல சந்தோசப்பட்டேன். சத்தியமாச் சொல்லுதேன். நான் சொன்னதெல்லாம் சரின்னு இப்ப எல்லாரும் பாப்பாங்கன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன். நெல்சன் பக்கம் பக்கமாத் திருப்பி வாசிச்சான்.

கடலும் இல்ல, தோணியும் இல்ல. கண்ணு ரெண்டும் ஒடஞ்சி எஃகன் உலைக்குப் பக்கத்துல நிக்கான். ஊருக்குப் பாலம் கட்ட இரும்பு பத்தல. யாரோ கேக்காவ. இவன் ஆகட்டுங்கான். தடவித் தடவி நடந்துபோயி அவனே உலைக்குள்ள எறங்கிருதான். கடைசிக் கட்டத்துல ஒரு பாலம், அதுமேல ஒரு மாட்டு வண்டி போவுது. முற்றும்.

நான் எல்லார் மூஞ்சியையும் பாத்தேன். ஒருத்தன் என் மூஞ்சியப் பாக்கல. தாரணி மட்டும் பாத்துச்சி. அழல. கையில அந்தப் புதுப் புஸ்தகத்தப் பிடிச்சிக்கிட்டு, "அண்ணே, நீங்க கண்ணால பாத்தீங்கதானே?" அப்படின்னு கேட்டுச்சி.

"பாத்தேன் தாரணி" அப்படின்னேன்.

பாத்தேந்தான். அதுல என்ன சந்தேகம்? இது வேற பதிப்பா இருக்கும். ஒரே இதழுக்கு ரெண்டு முடிவு அடிச்சிருப்பான். எங்கண்ணன் வச்சிருந்தான், போயி எடுத்துட்டு வாரேன், இல்லன்னா அவனையே சாட்சி சொல்ல வைக்கேன்னு சொல்லிட்டு, துண்ட நாக்காலியில போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். கோமதிநாயகம் ஆறு மணின்னுட்டாரு. அதுக்குள்ள சாட்சி வரலன்னா புஸ்தகத்த வெளிய விட முடியாது, அத்தனையும் கட்டி மூலையில போட வேண்டியதுதான்னுட்டாரு. எம் மானம் போவட்டும் சவம். அந்தப் புள்ள ரெண்டு வருசம் வரஞ்சதுல்லா?

பேய்க்குளம் தாண்டிட்டா? தாண்டிட்டு.

அண்ணன்னு சொன்னேன்லா, பால்துரை. எனக்கு மூத்தவன், ஆறு வயசு வித்தியாசம். அவங்கூட நான் பேசுறதில்ல. அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருந்தவன் நான். ஏன்னு கேளுங்க. நீங்க கேக்கலன்னாலும் சொல்லுவேன்.

எங்கம்மைக்கு முடியலன்னு ஓசூருக்குப் போன் போட்டான். நான் பதறிப்போயி என்னண்ணே, என்னண்ணேங்கேன். அவன் நிதானமா, "ஒண்ணும் இல்லல. லேசாக் காய்ச்சல். நீ பைய வா" அப்படின்னான். நானும் நம்பி, அவசரப்படாமப் பைய வந்தேன். பஸ்ஸுல வழியெல்லாம் தூங்கிட்டு வந்தேன் அண்ணாச்சி. திருநவேலியில எறங்கி டீ குடிச்சேன். காய்ச்ச வாய்க்கு நல்லா இருக்கும்னு ஆரஞ்சுப் பழம் வாங்குனேன், நின்னு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துப் பொறுக்கி வாங்குனேன். ஊருல எறங்கி எங்க தெருவுக்குள்ள திரும்புறேன், பந்தல் போட்டிருக்கு. சங்கு ஊதுதான். நான் கையில ஆரஞ்சுப் பையோட நிக்கேன்.

அவன் போன் போடும்போதே அம்மை போயிச் சேந்தாச்சி. தெரிஞ்சிக்கிட்டே பொய் சொல்லிருக்கான். ஏம்ல பொய் சொன்னன்னு சட்டையப் பிடிச்சேன். நீ ஒத்தையில வரணும், அவ்வளவு தூரம் அழுதுக்கிட்டே வருவியேன்னு நெனச்சேம்லங்கான். இதெல்லாம் ஒரு பதிலா? நான் அழுதா உனக்கென்ன? அம்மைக்கு அழக்கூட எனக்கு உரிமை இல்லையா? அன்னையோட முடிஞ்சிது. அவன் மக கல்யாணத்துக்குக் கூப்புட்டான், போவல. அவன் பொண்டாட்டி செத்ததுக்கும் போவல. அவனுக்குப் பொய் சரளமா வரும் அண்ணாச்சி. மூஞ்சி மாறாது, குரலு மாறாது. எச்சி முழுங்க மாட்டான்.

ஆனா எஃகன் விசயத்துல பொய் சொல்ல மாட்டான். அது வேற.

என்னைய எஃகன் புஸ்தகத்துக்குள்ள கூட்டிட்டுப் போனதே அவந்தான். கடையில கயித்துல கிளிப்பு போட்டுத் தொங்கவிட்டிருப்பாவ. எனக்கு எட்டாது, அவன் தூக்கிக் காட்டுவான். கடைசிக்கு முந்துன இதழு தீவாளி சமயத்துல வந்துச்சி. அதுலதான் எதிரி எஃகனோட ரெண்டு கண்ணையும் அடிச்சி ஒடச்சிருவான். இருட்டுல கைய நீட்டிக்கிட்டு எஃகன் நிப்பான். அடுத்த வாரம் முடிவுன்னு போட்டிருந்துச்சி. அத நான் படிச்சேன். படிச்ச ரெண்டாம் நாளு தீவாளி. புஸ்வாணம் பத்தலையேன்னு குனிஞ்சு பாத்தேன். மூஞ்சியிலயே வெடிச்சிட்டு.

பெரியாஸ்பத்திரியில ரெண்டு கண்ணையும் சேத்துக் கட்டிட்டாவ. பஞ்சும் துணியும். பகலா ராத்திரியான்னு தெரியாது. ஒம்பது வயசு. அம்மை கட்டிலுக்குக் கீழ உக்காந்து மூக்க உறிஞ்சிக்கிட்டே இருப்பா. எனக்கு வேற நெனப்பே இல்ல. எஃகனுக்குக் கண்ணு வருமா வராதா, அது ஒண்ணுதான். அவனுக்கு வந்தா எனக்கும் வரும். அவனுக்கு வரலன்னா எனக்கும் வராது. இப்படி நானே மனசுக்குள்ள முடிவு பண்ணி வச்சிருந்தேன். அண்ணன்ட்ட மட்டும் சொன்னேன். வேற யார்ட்டயும் சொல்லல.

கடையில புஸ்தகம் வரல. எங்கண்ணன் எங்கெல்லாமோ அலஞ்சி, கடைசியில தூத்துக்குடிக்கே போயி வாங்கிட்டு வந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவன டாக்டரு வெளிய கூப்புட்டுப் பேசுனாரு. அப்பா கெடையாது, அம்மைட்டச் சொன்னா தாங்க மாட்டாளேன்னு அவன்ட்டச் சொல்லிருப்பாரு. என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. ரொம்ப நேரங்கழிச்சி உள்ள வந்தான். வந்து, வாசிக்கட்டுமாலன்னு கேட்டான். பக்கத்தத் திருப்புற சத்தம் எனக்குக் கேட்டுச்சி அண்ணாச்சி. அந்தத் தாளு மொரமொரன்னு இருக்கும். கையில புஸ்தகம் இல்லாமலா அந்தச் சத்தம் வரும்?

என்ன, அப்படிப் பாக்கீங்க?

ஆமா, கண்ணு கட்டியிருந்துச்சி. அதான் சொன்னேன்லா. அதுக்கென்ன? கட்டம் கட்டமாச் சொன்னான். எந்தக் கட்டத்துல யாரு நிக்கா, வாய்க்கு மேல என்ன எழுதிருக்கு, எல்லாம். அத நான் பாத்த மாதிரிதான. கண்ணத் தெறந்துக்கிட்டுப் பாத்தவனுக்கெல்லாம் அவ்வளவு தெரிஞ்சிருக்காது. இதக் குழுவுல சொல்லலதான். சொன்னா கோமதிநாயகம் சட்டம் பேசுவாரு. இதுல மறைக்க என்ன இருக்கு? சொல்லத் தோணல, அவ்வளவுதான்.

கதையக் கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. மொதக் கட்டம் கடலு. எஃகனக் கடல்ல தள்ளிவிட்டுட்டாவ. அடுத்த கட்டத்துல தண்ணிக்கு மேல ஒரு இரும்புக் கை மட்டும் தெரியுது. அப்ப ஒரு தோணி வருது. தோணியில ரெண்டு பேரு, அண்ணனும் தம்பியும். கயித்தப் போட்டு இழுக்காவ. தம்பிக்காரன் பொடியன், அவனால முடியல. நீ சும்மா இருல, நான் இழுக்கேங்கான் அண்ணன். கரையில போட்டு, தோணி விளக்க ஒடச்சி, அந்தக் கண்ணாடிய எஃகன் கண்ணுல வைக்காவ. இடது கண்ணு பளிச்சுன்னு எரியுது. வலது கண்ணு எரியல. லேசா மினுங்குது, அவ்வளவுதான். பொடியன் அழுதான். அப்ப எஃகன் சொல்லுதான், "ஒரு கண்ணு நல்லாத் தெரியுதுலா தம்பி. அது போதும். ஆகட்டும், நடப்போம்."

இத எங்கண்ணன் வாசிக்கும்போது அம்மைகூட அழுகைய நிப்பாட்டிட்டுக் கேட்டா.

பத்து நாளு கழிச்சிக் கட்டு அவுத்தாவ. இடது கண்ணுல மொதல்ல தெரிஞ்சது எங்கண்ணன் மூஞ்சிதான். வலது கண்ணுல வெறும் மினுக்கந்தான். மத்த புள்ளையன்னா அலறிருக்கும். நான் அழல அண்ணாச்சி. டாக்டரே ஆச்சரியப்பட்டுப் போனாரு. எஃகனுக்கும் இப்படித்தான் சார் ஆச்சின்னு சொன்னேன். எப்படிப் பொருத்தமா எழுதிருந்தான் பாத்தீங்களா அந்தக் கதை எழுதுனவன்? முன்ன பின்ன தெரியாத ஆளு, எங்கயோ ஒக்காந்து எழுதுனது, அப்படியே எனக்குன்னு எழுதுன மாதிரி. இதத்தான் நான் குழுவுல அடிக்கடி சொல்லுவேன்.

புஸ்தகத்த எங்கண்ணேன்னு கேட்டேன். மழையில நனஞ்சி கூழாப் போச்சி, தூரப் போட்டுட்டேன்னான். மத்த இதழு எல்லாம் பொட்டியில பத்திரமா இருந்துச்சி. அது ஒண்ணுதான் நனஞ்சிட்டு.

என்ன அண்ணாச்சி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. ஜன்னல் கதவ எறக்கிவிடட்டுமா? சாத்தான்குளம் வந்துட்டு. இன்னும் கொஞ்ச தூரந்தான்.

இருங்க, தாரணி ஏதோ அனுப்பிருக்கு. "அண்ணே, நீங்க பாத்தேன்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்க. நான் உங்கள நம்புதேன்." பாத்தீங்களா. நம்புதேங்குது. இதுக்கு நான் என்ன எழுத?

நேர்ல போயி நிக்கதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை போன்ல கேட்டுருதேன். நம்பர் இருக்கு. அழிக்கல. ஏன் அழிக்கலன்னு கேக்காதீங்க. நீங்களும் கேளுங்க, சத்தமா வைக்கேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நீங்கதான் சாட்சி.

அலோ. நாந்தாண்ணே. சுயம்பு.

ஆமா. நல்லா இருக்கேன். அவளும் நல்லா இருக்கா. ண்ணே, ஒண்ணு கேக்கணும். எஃகன் கடைசி இதழு. ஆஸ்பத்திரியில வாசிச்சியே. கடலு, தோணி. அது புஸ்தகத்துல இருந்துச்சா? நீ உள்ளதச் சொல்லு. எனக்கு இங்க ஒரு பிரச்சன.

ண்ணே, கேக்குதா? என்ன சத்தம் அது? யாரு பக்கத்துல? நர்சா? நீ எங்க இருக்க, ஒடம்புக்கு என்ன?

சரி. சரிண்ணே. இருமாத, பேசாத. நான் பஸ்ஸுலதான் இருக்கேன். அங்கதான் வந்துக்கிட்டிருக்கேன். ஆகட்டும்.

வச்சிட்டான்.

கேட்டீங்கல்லா? சொன்னாம்லா? "இருந்துச்சில. நான் பாத்துத்தான வாசிச்சேன். எவன் இல்லன்னு சொன்னாலும் எங்கண்ணன் பாத்தாம்னு சொல்லு." அப்படின்னான். உங்க காது கேக்கத்தான சொன்னான். கேக்கதுக்கு எவ்வளவு நல்லா இருக்கு. சாட்சி கெடச்சிட்டு. ஆறு மணிக்கு முன்னாலயே கெடச்சிட்டு.

பெறகு நான், நீ எங்க இருக்க, ஒடம்புக்கு என்னன்னு கேட்டதுக்கு என்ன சொன்னான்? அதையும் கேட்டீங்கல்லா?

"ஒண்ணும் இல்லல. லேசா இருமல். நீ பைய வா."

அதே குரலு அண்ணாச்சி. எச்சி முழுங்கல. அம்மை செத்தப்ப எனக்குச் சொன்ன அதே குரலு. இப்ப யோசிச்சிப் பாக்கேன், ஆஸ்பத்திரியில தாளத் திருப்பித் திருப்பி வாசிச்சானே, அன்னைக்கும் இதே குரலுதான். மூணு தடவையும் ஒரே குரலு.

போன் அடிக்கி. கோமதிநாயகந்தான். எடுக்கேன், இருங்க.

சொல்லுங்க சார். கெடச்சிது. சாட்சி கெடச்சிது. நெல்சன் கொண்டு வந்தாம்லா, அதுதான் சார் கடைசி இதழு. வேற பதிப்பு ஒண்ணும் கெடையாது. நான் கண்ணால பாக்கல. எங்கண்ணன் எனக்குச் சொன்னது. அவனே கதை கட்டிச் சொன்னது. பொய்யன்னு என்னைய எழுதணும்னா எழுதுங்க. ஆனா அந்தப் புள்ள வரஞ்ச புஸ்தகத்தக் கட்டி மூலையில போடாதீங்க. அட்டையில எம் பேருக்கு மேல ஒரு தாள ஒட்டச் சொல்லுங்க. கதை, உடன்குடி பால்துரை. அப்படிப் போட்டு விடுங்க. வைக்கேன் சார், எனக்கு இப்ப நேரம் இல்ல.

அம்மை விசயத்த நான் மறக்கல அண்ணாச்சி. அது அப்படியே இருக்கு. போனவுடனே கேப்பேன், சட்டையப் பிடிச்சிக் கேப்பேன். அவன் இருக்கணும்லா, கேக்கதுக்கு.

இந்த டிரைவர் என்ன இப்படி உருட்டிக்கிட்டு வாரான்? கண்டக்டர்ட்டக் கொஞ்சம் சொல்லுங்களேன், நான் ஜன்னலோரத்துல இருக்கேன், நீங்க கைய ஆட்டிக் கூப்புடுங்க. இனிமே வழியில எங்கயும் நிறுத்தாண்டாம்னு சொல்லுங்க. எங்கண்ணன் பைய வான்னுட்டான்.